சொந்தத் தோட்டத்தில் சொந்த விமானம்: மிச்சப் பணத்தைக் கட்டும் முன்

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பும் நார் மில்லும் வைத்திருக்கும் 47 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சுருக்கம் இதுதான்.

சிறு வயது முதலே அவருக்கு விமானத்தின் மேல் ஆசை. இப்போது பிள்ளைகள் படிப்பு ஒரு நிலைக்கு வந்துவிட்டது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. பெங்களூரில் ஒரு புரோக்கர் மூலம் இரண்டு பேர் உட்காரும் பழைய மைக்ரோலைட், அதாவது எடை குறைந்த சிறு விமானம், ஒன்றை 24 லட்சத்துக்குப் பேசி, 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, மூன்று லட்சம் கொடுத்துவிட்டார். 45 நாளில் மிச்சத்தைக் கட்டாவிட்டால் கொடுத்தது போச்சு என்று பத்திரம் சொல்கிறது. இரண்டு நண்பர்கள் சம பங்கு போடத் தயார். தம்பியோடு பொதுவில் இருக்கும் 12 ஏக்கரில் இரண்டு வரிசைத் தென்னையை எடுத்துவிட்டு ஓடுதளம் போடுவதாகத் திட்டம். "மைக்ரோலைட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், கார் மாதிரி ஆர்.சி. மாற்றினால் போதும், பங்க் பெட்ரோலிலேயே ஓடும்" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கும் மகன் ஓட்டிக்கொள்வான், ஆட்களை ஏற்றியும் கும்பாபிஷேகத்துக்குப் பூத் தூவியும் செலவை எடுத்துவிடலாம் என்பது இவர் கணக்கு. மனைவிக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. "வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா? வீட்டுக்காரம்மா பேச்சுக்குச் சட்டத்துல ஏதாச்சும் மதிப்பு இருக்குங்களா?" என்று முடித்திருக்கிறார்.

வணக்கங்க. ஆசை தப்பில்லை. இந்தியாவில் தனி ஆள் சொந்தமாகச் சிறிய விமானம் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. நீங்கள் போகும் வரிசைதான் தலைகீழ். முதலில் உடல் தகுதி, அப்புறம் உரிமம், அப்புறம் விமானம் எங்கே நிற்கும் என்ற இடம், கடைசியில்தான் விமானம். நீங்கள் கடைசியில் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆகவே என் பதில்: இந்த மாதம் மிச்சப் பணத்தைக் கட்ட வேண்டாம். ஆனால் சும்மாவும் இருந்துவிடக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

புரோக்கர் சொன்னதில் எது சரி, எது தப்பு

"லைசென்ஸ் வேண்டாம்" என்பது அமெரிக்கக் கதை. அங்கே காலி எடை 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்கு, உட்பட்ட, ஒரே ஆள் உட்காரும் அல்ட்ராலைட்டுக்கு உரிமம் கேட்பதில்லை. யூடியூபில் நாம் பார்த்து ஏங்கும் வீடியோக்களில் பாதி அந்த ரகம். அந்த விதி இங்கே செல்லாது. செல்லுபடியானாலும் உங்களுடையது இரண்டு இருக்கை, அதில் அடங்காது. இங்கே மைக்ரோலைட் என்றாலும் விமானம்தான். டிஜிசிஏ என்று சொல்லும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவாகி விடி (VT) என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்க வேண்டும், பறப்பதற்கான அனுமதிச் சான்று நடப்பில் இருக்க வேண்டும், ஓட்டுபவரிடம் அந்த ரகத்துக்கான உரிமம் இருக்க வேண்டும். மீறினால் 1934 விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய வாயுயான் அதிநியம், 2024 பாயும். இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்பது அதில் உள்ள அளவு. விமானத்தின் விலையைப் போல் நான்கு மடங்கு அபராதத்துக்கு இடம் இருக்கிறது என்பதை நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

டிரோன் வரைபடத்தில் உங்கள் தோட்டம் பச்சையாகத் தெரிகிறது என்று படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். அது டிரோன் விதிகள், 2021-இன் கீழ் ஆளில்லாத கருவிகளுக்காகப் போட்ட வரைபடம். பச்சை என்றால் 400 அடி வரை டிரோன் பறக்கலாம், அவ்வளவுதான். ஆள் உட்கார்ந்து பறக்கும் விமானத்துக்கும் அந்தப் பச்சைக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் விமானம் ஊர், கூட்டம் இல்லாத வெளியில்கூட 500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. நெருக்கமான குடியிருப்பு என்றால் 1,000 அடி.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பறப்புத் திட்டம் கொடுத்து, விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும், பறப்புத் தகவல் மையத்தின் எண்ணையும் வாங்க வேண்டும். சூலூர் விமானப்படைத் தளம் உங்கள் பக்கத்திலிருந்து விமானத்தில் அரை மணி நேரம்கூட இல்லை. எண் வாங்காமல் எழும்பும் சின்னப் புள்ளி ஒன்றை அங்கே யாரும் "பண்ணாடி சும்மா ஒரு ரவுண்டு போறாரு" என்று விட்டுவிட மாட்டார்கள்.

பங்க் பெட்ரோல் விஷயத்தில் புரோக்கர் சொன்னது ஒரு காலத்தில் முக்கால்வாசி சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ரோடக்ஸ் 912 எஞ்சின். அது நல்ல பெட்ரோலில் ஓடும். ஆனால் அதன் கையேடு எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கிறது. இன்று நம் பங்குகளில் வருவது 20 சதவீதம் கலந்த இ20. அப்படியானால் விமான பெட்ரோலான ஏவிகேஸ் 100 எல்எல் வாங்க வேண்டும். 2022-இல்தான் இந்தியன் ஆயில் அதைக் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது, அதற்கு முன் எல்லாம் இறக்குமதி. அது உடுமலை பங்கில் கிடைக்காது. பீப்பாயில் வரவழைத்துத் தோட்டத்தில் வைத்தால் பெட்ரோலியப் பொருள் சேமிப்பு விதிகள் வேறு வரும்.

அதே எஞ்சின் பற்றி இன்னொன்று. "600 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, 2,000 வரை கவலையில்லை" என்று சொன்னாராம். 2,000 மணி நேரம் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பழைய வரிசை எண்களுக்கு இரண்டுமே குறைவு. ரப்பர் குழாய்கள் முதலானவற்றை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றியே ஆக வேண்டும். இதெல்லாம் எழுதியிருக்கும் பதிவேட்டை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, "இன்ஜினியர் கையில் இருக்கு" என்ற பதில்தான் வந்திருக்கிறது. விமானத்தின் உடல், எஞ்சின், புரொப்பல்லர் மூன்றின் பதிவேடும் கைக்கு வராத விமானத்தை நான் விலைக்கு மதிக்கவே மாட்டேன். பதிவேடு போனால் பறப்பதற்கான சான்றைப் புதுப்பிப்பது பெரும்பாடு.

கொடுத்த மூன்று லட்சம்

இதில்தான் நீங்கள் உடனே கவனம் வைக்க வேண்டும். நாள் தவறவிட்டுப் பேசாமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். பத்திரத்தில் "அச்சாரம்" என்றே எழுதியிருப்பதால், வாங்குபவர் தவறினால் அதை வைத்துக்கொள்ள விற்பவருக்கு வாதம் கிடைத்துவிடும்.

"லைசென்ஸ் வேண்டாம் என்று ஏமாற்றினார், அதனால் ஒப்பந்தம் செல்லாது" என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அதை முதல் காரணமாகப் பிடிக்க வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, நம் நாட்டுச் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. சட்டம் தெரியவில்லை என்பது நம் தரப்பின் பலவீனம். ஆனால் எஞ்சின் இத்தனை மணி நேரம், சான்று நடப்பில் இருக்கிறது, விமானத்தின் மேல் கடன் இல்லை என்று சொன்னதெல்லாம் நடப்பு விவரங்கள். அவை பொய் என்றால் 18, 19 பிரிவுகளின்படி நீங்கள் விலகலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதே 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு: சாதாரணமாக விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் சலுகை கிடைக்காமல் போகலாம். அதனால் விசாரித்ததற்கு எழுத்தில் தடயம் வேண்டும்.

இந்த வாரமே விற்பவருக்கும் புரோக்கருக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் போடுங்கள். பதிவுச் சான்று, பறப்பதற்கான நடப்புச் சான்று, மூன்று பதிவேடுகள், காப்பீடு, கடன் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் காட்டுங்கள், உரிமம் பெற்ற பராமரிப்பு இன்ஜினியரை வைத்துப் பரிசோதிக்க இடம் கொடுங்கள், அதுவரை மிச்சத் தொகைக்கான கெடு ஓடாது என்று எழுதுங்கள். கொடுத்துவிட்டால் நல்லது, உங்களுக்கு உண்மையான விலை தெரியும். கொடுக்காவிட்டால் தவறியவர் அவர். வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றோடு தாக்கல் செய்ய அது தேவைப்படும். எடுத்தவுடன் போலீசுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். மோசடி என்று நிரூபிக்க ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், இந்தப் புரோக்கர் பாதி தெரியாமலே பேசியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தோப்புக்குள் ஓடுதளம்

உண்மையைச் சொன்னால் உங்கள் திட்டத்தில் ரொம்பப் பலவீனமான இடம் இதுதான். நிலத்தின் நீளம் 350 மீட்டர், வடக்கு தெற்காகப் போகிறது என்று வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். இவ்வகை விமானம் தரையை விட்டு எழும்ப அவ்வளவு தூரம்கூட வேண்டாம். எழும்பிய பிறகு எதிரே நிற்பதைத் தாண்ட வேண்டுமே. உங்கள் வடக்கு எல்லையில் பக்கத்துத் தோட்டக்காரரின் தென்னை, தெற்கே மின்வாரியத்தின் உயரழுத்தக் கம்பி. வெயில் ஏறிய பிற்பகலில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் இருக்கும் நம் பூமியில், இரண்டு ஆளோடு எஞ்சின் திணறும். அதோடு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் ஆரம்பிக்கும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, ஆடி தாண்டியும் அடிக்கும். அந்தக் காற்றுக்காகத்தானே குடிமங்கலம், பூளவாடி, கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலை நட்டார்கள். வடக்கு தெற்கான ஓடுதளத்தில் அது முழுக்கப் பக்கவாட்டுக் காற்று. லேசான விமானத்தைத் தரை தொடும் நேரத்தில் புரட்டிவிட அது போதும். மயிலையும் மறந்துவிடாதீர்கள். காலையும் மாலையும் காற்று அடங்கியிருக்கும் நல்ல நேரத்தில்தான் அவையும் திறந்த தரைக்கு வரும். வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை, விரட்டுவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அனுமதி கிடைப்பது நீண்ட வேலை. டிஜிசிஏ மட்டுமல்ல, உள்துறை, பாதுகாப்புத் துறை, மாவட்ட நிர்வாகம் என்று பல மேசைகள். பாராகிளைடர், மைக்ரோலைட் போன்றவற்றுக்குப் பாதுகாப்புக் காரணத்துக்காக உள்ளூர் அதிகாரிகள் தடை உத்தரவு போடுவதும் நாட்டில் சகஜம். விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற நகர், ஊரமைப்புத் துறை அனுமதி தனி.

அதற்கும் முன்னால் குடும்பக் கணக்கு ஒன்று இருக்கிறது. நிலம் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. தம்பி "பார்க்கலாம்" என்றாராம். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் சம்மதம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். தங்கையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி வருகிறது, கட்டிக்கொடுத்தாச்சு என்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் இல்லை என்றால் அவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு தென்னையில்கூடக் கை வைக்காதீர்கள்.

பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரர் வழக்குப் போட முடியுமா என்று கேட்டது நல்ல கேள்வி. நியாயமான உயரத்தில் பறந்ததற்காக மட்டும் அத்துமீறல், தொல்லை என்று உரிமையியல் வழக்குப் போட முடியாது என்பது 1934 சட்டக் காலத்திலிருந்தே உள்ள நிலை. ஆனால் அந்தப் பாதுகாப்பு விதிப்படி பறப்பவருக்குத்தான். அனுமதியில்லாத தளத்திலிருந்து கொட்டகைக்கு மேல் தாழ எழும்பி, கோழிகள் மிரண்டு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செத்தால் நஷ்ட ஈட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

உடம்பு, உரிமம், மகன்

உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது. அதனால் தகுதி போய்விடாது, கண்ணாடி போட்டிருப்பதாலும் போகாது. ஆனால் டிஜிசிஏ பட்டியலில் இருக்கும் மருத்துவரிடம் இரண்டாம் வகை மருத்துவச் சான்று வாங்க வேண்டும். மாத்திரையை மறைக்காதீர்கள். பிற்பாடு விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தோண்டுவது அதைத்தான். ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு செலவு செய்வதற்கு முன் இந்தச் சோதனையை முடியுங்கள்.

அப்புறம் தனியார் பைலட் உரிமம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, 40 மணி நேரப் பறப்பு, விதிகளும் வழிகாட்டலும் வானிலையும் அடங்கிய எழுத்துத் தேர்வு, ரேடியோ பேசுவதற்கான உரிமம். விண்ணப்பம் எல்லாம் டிஜிசிஏவின் இஜிசிஏ இணையதளத்தில்தான். மைக்ரோலைட் மட்டும் போதும் என்றால் அதற்குரிய பிரிவில் போகலாம். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குத் தனியார் பைலட் உரிமத்தையே நான் சொல்வேன், பிற்காலத்தில் வேறு ரகத்துக்கு மாற வழி இருக்கும். மகன் என்.சி.சி.யில் மைக்ரோலைட்டில் ஏறிப் பறந்தது பயிற்றுநர் பக்கத்தில் இருந்து பெற்ற அனுபவம். 'சி' சான்றிதழ் நல்ல விஷயம், அது பைலட் உரிமம் ஆகாது. அவரும் மேலே சொன்ன வழியில்தான் வர வேண்டும்.

பெங்களூரு ஜக்கூரில் அரசுப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. சேலம் ஓமலூர் விமான நிலையத்திலும் பயிற்சி நிறுவனங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், உங்களுக்கு அதுதான் பக்கம். அங்கே முதல் பத்து மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இந்த ஆசை பறப்பதிலா, விமானம் வைத்திருப்பதிலா என்று அதற்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பறப்பதுதான் என்றால் மணிக் கணக்கில் வாடகை கட்டி ஓட்டுவது, ஷெட்டில் நிற்கும் சொந்த விமானத்துக்குப் பராமரிப்பும் காப்பீடும் கட்டுவதைவிடப் பல மடங்கு மலிவு.

புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதிலேயே பதில் இருக்கிறது. கிட் வாங்கி வீட்டில் கோர்ப்பதையும் விட்டுவிடுங்கள். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் தொழில்முறை பைலட். அவருக்கே 2011-இல் தொடங்கிய விமானத்துக்குப் பதிவு 2017-இலும் பறக்கும் அனுமதி 2019-இலும்தான் கிடைத்தன.

நண்பர்கள், வருமானம், வீட்டுக்காரம்மா

பங்கு போடுவது கெட்ட யோசனை இல்லை. உரிமம் வாங்கிய மூவர் சேர்ந்தால் செலவு தாங்கும். உங்கள் நண்பர்கள் இருவருக்கும் ஓட்டும் எண்ணமே இல்லை, வருமானத்தில் பங்கு வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் உதைக்கிறது. தனியார் பைலட் உரிமத்தை வைத்துக்கொண்டு கூலிக்கோ வாடகைக்கோ ஆள் ஏற்றக் கூடாது. காசு வாங்கி ரவுண்டு அடிக்க வேண்டுமென்றால் வணிக பைலட் வேண்டும், இயக்குபவர் அனுமதி வேண்டும், அது முழு நேரத் தொழில். "பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்க" என்று வேறு பெயர் வைத்தாலும் அதேதான். வருமானம் என்ற பத்தியை நோட்டிலிருந்து அடித்துவிட்டு நண்பர்களிடம் மறுபடி கேளுங்கள், எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பார்ப்போம். மிஞ்சினால் யார் எப்போது ஓட்டுவது, ஒருவர் விலகினால் பங்கின் விலை எப்படி, காப்பீட்டில் யார் யார் பெயர் என்று எழுதிக்கொண்ட பிறகே பதிவில் பெயர் சேருங்கள். விபத்து வழக்கு வந்தால் ஓட்டாதவர் பெயரும் அதில் இருக்கும்.

வீட்டுக்காரம்மா பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்க அவர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: உங்கள் காப்பீட்டில் நியமனதாரர் அவர்தான் இல்லையா? தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் பெரும்பாலானவை, டிக்கெட் எடுத்துப் போகும் பயணியாக அல்லாமல் வேறு விதமாகப் பறக்கும்போது நடப்பதற்குப் பணம் தராது. ஆயுள் காப்பீட்டிலும் ஆபத்தான பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று பாருங்கள். மில் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் "வேண்டாம்" என்றால், அவர் என்ன கணக்குப் பார்த்துச் சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்பது உங்கள் வேலை. பாலிசிகளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கும்பாபிஷேகப் பூ பற்றி: பறக்கும் விமானத்திலிருந்து எதையும் அனுமதியில்லாமல் கீழே போடக் கூடாது, பூவும் அதில் சேர்த்திதான். கூட்டத்துக்கு மேல் தாழப் பறப்பது இன்னொரு மீறல். கோயில் கமிட்டிக்கு ஆசை என்றால் உரிய அனுமதி வைத்திருக்கும் ஹெலிகாப்டர் நிறுவனத்தைப் பேசட்டும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டியதை அவர்களே சொல்வார்கள். நீங்கள் பூவுக்குப் பணம் கொடுங்கள்.